வாந்தியும் மூக்கெரிச்சலும் மருந்தெடுப்பும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில் வாந்தியைப் பற்றியா பேசுவது என்றுகூடச் சிலர் நினைக்கலாம். ஆனால் மனிதனுடைய மூடநம்பிக்கை கோவிலில் மாத்திரம் குடியிருக்கவில்லை. அது அவனுடைய வயிற்றிலும் மூக்கிலும் தலையிலும்கூடக் குடியிருக்கிறது. தன் உடம்பில் நடக்கிற ஒரு காரியத்திற்குக் காரணம் தெரியாதபோதுதான் மனிதன் பேயையும் பில்லியையும் தேடிக்கொண்டு போகிறான். ஆகையால் வாந்தியைப் பற்றிப் பேசுவதும் நம் வேலைதான்.

வாந்தியெடுத்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. வந்தது வாய் வழியாக. ஆனால் எரிவது மூக்கு. கெட்டது வயிறு. ஆனால் விண்விண்ணென்று தெறிப்பது தலை. கண்ணில் நீர் கொட்டுகிறது, காது அடைத்துக்கொள்கிறது, கண்ணுக்கு முன் பூச்சி பறக்கிறது, உச்சந்தலையில் ஏதோ ஏறி இறங்குவது போலிருக்கிறது. எல்லாம் முடிந்து ஒரு மணி நேரமானாலும் மூக்கினுள்ளே அந்த நாற்றம் போவதில்லை.

இதை மூலதனமாக வைத்துப் பிழைக்கிற ஒரு கூட்டம் நம் நாட்டில் இருக்கிறது. "மருந்து எடுக்கப்படும்" என்று பலகை மாட்டிக்கொண்டிருப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாரோ சோற்றில் இடுமருந்து கலந்து கொடுத்துவிட்டார்களாம், அது வருஷக்கணக்காக வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், இவர்கள் கஷாயம் கொடுத்து அதை வாந்தியாக வெளியே எடுத்துவிடுவார்களாம். கஷாயத்தைக் குடித்தவன் குடல் புரள வாந்தியெடுக்கிறான். மூக்கு எரிகிறது என்கிறான். "பார்த்தாயா, மருந்து மூக்கு வழியாக இறங்குகிறது" என்கிறார்கள். தலை சுற்றுகிறது என்கிறான். "மருந்து தலைக்கேறியிருந்தது, இப்போதுதான் விடுகிறது" என்கிறார்கள். வாந்தி நின்ற பிறகு சற்று இலேசாக இருக்கிறது என்கிறான். "அதுதான் மருந்து போனதற்கு அடையாளம்" என்று கையை நீட்டுகிறார்கள். ஆக, மூக்கு ஒரு சாட்சி, தலை ஒரு சாட்சி, இலேசாக இருப்பது ஒரு சாட்சி. இந்த மூன்று சாட்சிகளையும் நாம் இன்று கூண்டிலேற்றி விசாரித்துப் பார்ப்போம்.

முதலில் வாந்தி என்பது என்ன? வயிறு தானாகச் சுருங்கிச் சாப்பாட்டைத் தூக்கியெறிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இது தப்பு. 1813-ஆம் வருஷத்தில் மகாந்தி என்ற பிரெஞ்சு வைத்தியர் ஒரு நாயின் இரைப்பையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பன்றியின் மூத்திரப்பையை வைத்துக் கட்டி, வாந்தி மருந்தை இரத்தக் குழாயில் செலுத்திப் பார்த்தார். உயிரில்லாத அந்தப் பையிலிருந்தும் வாந்தி வந்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது? இரைப்பை வெறும் பைதான். அதைப் பிழிகிறவை வயிற்றுச் சதைகளும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் என்ற சதைத் தட்டும்தான். அவற்றுக்கு உத்தரவு போடுவதோ மூளையின் அடிப்பாகமாகிய முகுளம்.

அந்த முகுளத்திற்கு ஒரு காவல்காரன் உண்டு. மூளையின் பெரும்பாலான பாகங்களுக்கு இரத்தத்திலுள்ள கண்ட பொருள்களும் போய்ச் சேராதபடி இயற்கையில் ஒரு தடுப்பு இருக்கிறது. முகுளத்திலுள்ள ஒரு சிறு இடத்தில் அந்தத் தடுப்பு இல்லை. இரத்தத்தில் விஷம் கலந்திருக்கிறதா என்று அந்த இடம் ருசி பார்த்துக்கொண்டே இருக்கிறது. குடலில் கெட்ட பொருள் சேர்ந்தால் பத்தாவது மூளை நரம்பு வழியாக அங்கே தந்தி போகிறது. பஸ்ஸிலும் கப்பலிலும் குலுங்கினால் உட்காதிலிருந்து தந்தி போகிறது. கர்ப்பம் தரித்த பெண்ணுக்கு மசக்கையில் வருவதற்கும், கெட்ட நாற்றத்தை முகர்ந்ததும் குமட்டுவதற்கும் வழி இதுவேயாகும். தகவல் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் முடிவு ஒன்றுதான்.

உத்தரவு பிறந்ததும் வேலைகள் ஒழுங்காக நடக்கின்றன. வாயில் எச்சில் ஊறுகிறது. பின்னால் வரப்போகிற திராவகத்திலிருந்து பல்லைக் காப்பதற்கு அது உதவுகிறது. முகம் வெளுத்து வியர்க்கிறது. சிறுகுடல் பின்னோக்கிச் சுருங்கி, தன்னிடமிருப்பதை இரைப்பைக்குத் திருப்பி அனுப்புகிறது. பச்சையாகவும் கசப்பாகவும் பித்தம் வருவது இப்படித்தான். பிறகு ஒரு மூச்சு இழுத்து, குரல்வளை மூடிக்கொள்கிறது. மூச்சு நிற்கிறது. உள்நாக்கு தொங்குகிற மெல்லிய மேலண்ணம் மேலே எழும்பி, மூக்குக்குப் போகிற பின்வாசலை அடைக்கிறது. அந்தக் கணத்தில் வயிற்றுச் சதைகள் பிழிகின்றன. இதுதான் வாந்தி. இதில் மந்திரவாதிக்கு எங்கே இடமிருக்கிறது என்று கேட்கிறோம்.

இனி மூக்கு என்ற சாட்சியைக் கூப்பிடுவோம். மூக்கும் வாயும் முன்னால் இரண்டு வாசல்களாக இருந்தாலும் பின்னால் ஒரே கூடத்தில்தான் சேருகின்றன. தண்ணீர் குடிக்கும்போது சிரித்தால் தண்ணீர் மூக்கில் வருகிறதே, அது இந்தப் பின்வாசல் வழியாகத்தான். வாந்தி வருகிற வேகத்தில் அந்தக் கதவு சரியாக மூடாமற்போனாலும், இரண்டு வாந்திக்கு நடுவில் மூச்சு வாங்குவதற்காகத் திறந்தாலும், கொஞ்சம் மேலே ஏறிவிடுகிறது. ஏறுவது வெறும் சோறல்ல. வயிற்றில் ஊறும் உப்புத் திராவகம் அதில் கலந்திருக்கிறது. எலுமிச்சைச் சாற்றைவிடப் புளிப்பான அந்தத் திராவகத்தைத் தாங்குவதற்கு இரைப்பைக்குள்ளே தடித்த சளிப் பூச்சு உண்டு. மூக்கினுள்ளிருக்கும் மெல்லிய தோலுக்கு அந்தக் கவசம் கிடையாது.

மூளையிலிருந்து நேரே புறப்படுகிற நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. அவற்றில் முதலாவது ஜோடி வாசனைக்கு. ஐந்தாவது ஜோடி முகத்தின் எரிச்சலுக்கும் வலிக்கும். மிளகாய் வறுத்தால் வருகிற நெடி மூக்கைத் துளைப்பது இந்த ஐந்தாவது நரம்பினால்தான். மிளகாயின் காரத்தையும் நெருப்பின் சூட்டையும் அறிகிற வாசல் ஒன்று இந்த நரம்பு நுனிகளில் இருப்பதை 1997-இல் டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவரது குழுவினரும் கண்டுபிடித்தார்கள். அவருக்கு 2021-இல் நோபல் பரிசும் கிடைத்தது. திராவகமும் அதே வாசலைத் திறக்கும். ஆகவே வயிற்றுத் திராவகம் மூக்கில் பட்டால் மிளகாய்ப் பொடி ஏறினது போல எரிகிறது. அதே ஐந்தாவது நரம்பின் கிளைகள் கண்ணுக்கும் நெற்றிக்கும் தாடைக்கும் போவதால், மூக்கு எரியும்போதே கண்ணில் நீர் கொட்டுகிறது, நெற்றியும் சேர்ந்து வலிக்கிறது. மூக்கின் பின்கூடத்திலிருந்து நடுச்செவிக்கு ஒரு சிறு குழாய் போகிறது. அதன் வாயில் பட்டால் காது அடைக்கிறது.

அந்த நாற்றம் ஏன் நெடுநேரம் நிற்கிறது? வாந்தியில் உள்ள புளித்த பொருள்களில் ஒன்று, ஊசிப்போன வெண்ணெயில் நாறுகிற அதே அமிலம். அதன் துளிகளும் சோற்றுப் பருக்கைகளும் மூக்கின் பின்கூடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாம் மூச்சு விடும்போதெல்லாம் அந்த வாசனை பின்பக்கமாக ஏறி வாசனை நரம்பைத் தொடுகிறது. முன்பக்கம் எத்தனை தடவை மூக்கைச் சிந்தினாலும் பின்பக்கம் இருப்பது போகாது. இதற்குப் பரிகாரம் தாயத்தல்ல, உப்பு நீர்தான். காய்ச்சி ஆறவைத்த ஒரு டம்ளர் நீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கலந்து மூக்கை மெல்லக் கழுவினால், மருந்தெடுப்பவர் இறக்க வேண்டிய "மருந்து" இறங்கிவிடும்.

மூக்கிலிருந்து வருவது தலையிலிருந்து இறங்குகிறது என்ற நினைப்பு நம் நாட்டில் மாத்திரம் இருந்ததென்று எண்ணவேண்டாம். பழைய கிரேக்க வைத்தியர்களும், அவர்களைப் பின்பற்றிய ஐரோப்பிய வைத்தியர்களும், மூக்குச் சளி மூளையிலிருந்து வடிகிறது என்றே பல நூற்றாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1660-களில் ஜெர்மனியில் ஷ்னைடர் என்ற வைத்தியர், மூளையிலிருந்து மூக்குக்கு அப்படிப்பட்ட வழியே இல்லை, சளி ஊறுவது மூக்கின் உட்தோலிலேதான் என்று காட்டினார். பெரியவர்கள் சொன்னார்கள் என்று அவர் சும்மா இருந்திருந்தால் உலகம் இன்னும் அதையே நம்பிக்கொண்டிருக்கும். இங்கேயோ, முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகியும் மருந்து தலையிலிருந்து மூக்குக்கு இறங்குகிறது என்கிறோம்!

இரண்டாவது சாட்சி தலை. வாந்தியெடுக்கும்போது குரல்வளை மூடி மூச்சு நிற்கிறது என்றோம். மூச்சை அடக்கிக்கொண்டு முக்குவதுபோல நெஞ்சிலும் வயிற்றிலும் அழுத்தம் ஏறுகிறது. தலையிலிருந்து இருதயத்திற்குத் திரும்ப வேண்டிய இரத்தம் அந்த அழுத்தத்தினால் வழியில் தேங்குகிறது. முகம் சிவக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, தலை வெடிப்பது போலிருக்கிறது. சில சமயம் கண்ணைச் சுற்றியுள்ள மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் உடைந்து சிவப்புப் புள்ளிகள் தோன்றும். கண்ணின் வெள்ளையிலும் இரத்தம் கட்டும். இதைப் பார்த்துவிட்டு "பேய் அறைந்த அடையாளம்" என்பார்கள். அறைந்தது பேயல்ல, தன்னுடைய வயிற்றுச் சதை. கண்வெள்ளையில் கட்டிய இரத்தம் பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் தானே மறைந்துவிடும்.

முக்குகிற முக்கலில் இருதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. பத்தாவது நரம்பு தூண்டப்பட்டால் நாடியும் தளர்கிறது. மூளைக்குப் போகிற இரத்தம் ஒரு கணம் குறைந்தால் கண் இருளுகிறது, பூச்சி பறக்கிறது, சிலர் மயங்கியே விழுகிறார்கள். பயந்துபோய் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினால் இரத்தத்திலுள்ள கரியமிலவாயு குறைந்து உதடும் விரலும் மதமதக்கின்றன, விரல் இழுத்துக்கொள்ளவும் செய்யலாம். இதைத்தான் "சாமி வந்துவிட்டது" என்றும் "காத்துக் கருப்பு பிடித்துவிட்டது" என்றும் சொல்லி வேப்பிலை அடிக்கிறார்கள். நாலைந்து தடவை வாந்தியானால் உடம்பிலுள்ள நீரும் உப்பும் போய்விடுகின்றன. அதனாலும் தலைவலியும் கிறுகிறுப்பும் வரும்.

மூன்றாவது சாட்சி, வாந்திக்குப் பிறகு இலேசாக இருப்பது. குமட்டலுக்குக் காரணமாயிருந்த பொருள் வெளியே போனால் குமட்டல் தணிவது அதிசயமா? ஒற்றைத் தலைவலிக்காரர்களில் பலருக்கு வாந்தியெடுத்ததும் வலி குறைகிறது. அவர்கள் எந்த மந்திரவாதியிடமும் போகாமல் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வாந்தியெடுத்தாலும் குறையத்தான் செய்கிறது. கஷாயம் கொடுத்துக் குமட்டலை உண்டாக்கியவனும் நீயே, அது நின்றதும் குணப்படுத்திவிட்டேன் என்று கூலி வாங்குகிறவனும் நீயே என்றால், இதற்குப் பெயர் வைத்தியமா?

"அப்படியானால் வாந்தியில் உருண்டையாக விழுந்ததே, அது என்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சளியும் பித்தமும் செரிக்காத சோறும் சேர்ந்தால் எந்த உருவமும் வரும். கஷாயத்தில் என்ன போட்டார்கள், பாத்திரத்தில் முன்னாலேயே என்ன இருந்தது என்பதை யார் பார்த்தார்கள்? வருஷக்கணக்காக ஒட்டிக்கொண்டிருந்தது என்பதோ பெரிய பொய். நாம் உண்ட சோறு சில மணி நேரத்தில் இரைப்பையை விட்டுப் போய்விடுகிறது. அது மாத்திரமல்ல, இரைப்பையின் உள்மேற்பரப்பே சில நாட்களுக்கொரு தடவை உரிந்து புதிதாகிறது. சுவரே புதிதாகிறபோது சுவரில் ஒட்டிய மருந்து பத்து வருஷம் எப்படி இருக்கும்? தலைமயிரைத் தின்கிற வழக்கமுள்ள சிலருக்கு வயிற்றில் மயிர்க்கட்டி சேருவது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட பெரிய கட்டி வாந்தியில் வராது. ஆஸ்பத்திரியில் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

தோழர்களே! இது வெறும் பணம் போகிற விஷயமாக மாத்திரம் இருந்தால் நாம் இவ்வளவு தூரம் பேசவேண்டியதில்லை. இதில் உயிரும் மானமும் போகின்றன.

உயிர் போவதற்கு உதாரணம் வேண்டுமானால் ஹாலந்து தேசத்துக் கடற்படைத் தலைவர் வாஸநாரைச் சொல்லலாம். 1723-இல் விருந்து சாப்பிட்டு வயிறு கனத்ததற்காக வாந்தி மருந்து குடித்தார். ஓங்கரித்த வேகத்தில் உணவுக்குழல் கிழிந்து மறுநாள் இறந்துபோனார். அவரது உடலை அறுத்துப் பார்த்து 1724-இல் எழுதியவர் பூர்ஹாவ என்ற பெரிய வைத்தியர். உணவுக்குழலின் அடியில் சிறு கிழிசல் உண்டாகி இரத்த வாந்தி வருவதை 1929-இல் மாலரி, வைஸ் என்ற இரண்டு அமெரிக்க வைத்தியர்கள் விளக்கினார்கள். மயக்கத்திலிருப்பவனை வாந்தியெடுக்கச் செய்தால் அது சுவாசப்பைக்குள் இறங்கி மூச்சடைத்துச் சாவான். திராவகம் குடித்தவனுக்குச் சாணிக் கரைசலும் உப்புக் கரைசலும் ஊற்றுகிறார்களே, அது ஒரு தடவை சுட்ட குழலை இரண்டாந்தடவையும் சுடுவதாகும். அதிக உப்பே விஷமாகவும் ஆகும். வீட்டில் வாந்தி மருந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு காலத்தில் சொன்ன அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம், பலன் இல்லையென்று கண்டதும் 2003-இல் அது வேண்டாமென்று சொல்லிவிட்டது. தப்பென்று தெரிந்ததும் விட்டுவிடுவது அறிவு. முன்னோர் செய்தது என்று பிடித்துக்கொண்டிருப்பது மூடத்தனம்.

மானம் போவது எப்படி? "மருந்து வைத்தவர்" யார் என்று மருந்தெடுப்பவர் குறி சொல்லுவார். அவர் வாயில் பெரும்பாலும் வருவது ஒரு பெண்தான். மாமியாருக்கு மருமகள், மருமகளுக்கு நாத்தனார், பங்காளிக்கு அண்ணி, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு விதவை. ஒரு வாலிபன் வேறு சாதிப் பெண்ணை விரும்பிக் கலியாணம் செய்துகொண்டால், அவனுக்கும் புத்தியுண்டு, மனமுண்டு என்று நினைக்க மாட்டார்கள். "கீழ்ச்சாதிக்காரி மருந்து வைத்து மயக்கிவிட்டாள்" என்பார்கள். அவனை இழுத்துக்கொண்டு போய் வாந்தியெடுக்க வைப்பார்கள். ஒருவனுடைய அன்பையே வாந்தியில் எடுத்துவிடலாம் என்று நினைக்கிற சமூகம் சாதியை எங்கே வைத்திருக்கிறது பார்த்தீர்களா? சுயமரியாதைக் கலியாணம் 1967-இல் சட்டப்படி செல்லுபடியாக்கப்பட்ட நாட்டில், சோற்றில் மருந்து என்ற பேச்சு இன்னமும் சாதிக்குக் காவல் நிற்கிறது. மூக்கெரிச்சலின் காரணம் தெரியாத அறியாமை, ஒரு பெண்ணின் தலையில் பழியாக இறங்குகிறது. அதனால்தான் இதை மேடையில் பேசவேண்டியதாயிற்று.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம். வாந்தியெடுப்பவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். குனிந்து உட்கார வைக்கவேண்டும், படுத்திருந்தால் ஒருக்களிக்க வேண்டும். முடிந்ததும் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். உடனே பல் விளக்க வேண்டாம், திராவகம் பட்ட பல் தேயும். தண்ணீரே கொடுக்கக் கூடாது என்று சொல்லுகிற பாட்டிகளின் பேச்சைக் கேட்காதீர்கள். பத்து நிமிஷம் பொறுத்து, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கரைத்து, கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆஸ்பத்திரியிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இன்னும் நல்லது. 1971-இல் வங்காளத்து அகதிகள் முகாமில் வாந்திபேதியினால் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, திலீப் மஹலனாபிஸ் என்ற வைத்தியர் இந்தச் சர்க்கரை உப்பு நீரையே குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் என்றிருந்த சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது. எந்த மாரியம்மன் கூழும் இந்தக் காரியத்தைச் செய்ததில்லை.

ஆனால் வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற கறுப்போ வந்தாலும், நெஞ்சு வலித்தாலும், தலையில் அடிபட்ட பின் வாந்தி வந்தாலும், தாங்கமுடியாத தலைவலியோடு கழுத்து விறைத்தாலும், சிறுநீர் நின்றுபோனாலும், குழந்தை சோர்ந்து கண் திறக்காவிட்டாலும், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இல்லாத நாற்றம் அடிக்கடி மூக்கில் அடிப்பதாகத் தோன்றினாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். வலிப்பு நோயிலும் ஒற்றைத் தலைவலியிலும் அப்படி வருவதுண்டு. விஷம் குடித்தவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல், குடித்த புட்டியையும் கையிலெடுத்துக்கொண்டு ஓடவேண்டும்.

தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் வியாதி தீருமென்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-இலேயே சட்டம் வந்திருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, பலகை தெருவில் தொங்குகிறது. பலகையை இறக்கவேண்டுமானால் அதன் கீழே போய் நிற்கிற கூட்டம் குறைய வேண்டும். அது நம்முடைய கையில்தான் இருக்கிறது.

தோழர்களே! நாம் சொன்னதாலேயே எதையும் நம்பிவிட வேண்டாம். ஒரு வைத்தியரைக் கேளுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளையின் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், உங்கள் சொந்த மூக்கையே சாட்சியாக வைத்து யோசியுங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள். ஆனால் அடுத்த தடவை உங்கள் வீட்டில் யாராவது வாந்தியெடுத்து "மூக்கு எரிகிறது, தலை சுற்றுகிறது" என்றால், யார் மருந்து வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். உப்பும் சர்க்கரையும் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள்.